கரிச்சான் சொன்ன பொய்யும் நின்றுபோன உம்மும்

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பங்குனி பிறந்து கண்மாய்கள் வற்றியதும் ஆட்டம் தொடங்கிவிடும். வளைந்த கருவேலங்கொம்புதான் மட்டை. காய்ந்த விளாங்காய்தான் பந்து. இன்றைக்கு நாம் ஹாக்கி என்கிறோமே, அதேதான். கண்மாய்க்கு ஓர் அணி. தோற்ற அணி வீட்டுக்குப் போகும், ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்குப் போகும். கடைசி ஆட்டத்தையும் ஜெயித்த கண்மாய்க்காரர்களுக்கு அந்தக் கோடை முழுவதும் ஆற்று மடுவில் முதல் தண்ணீர். மற்றவர்கள் அவர்கள் குடித்துக் கலக்கிவிட்டுப் போனதைத்தான் குடிக்க வேண்டும்.

ஆட்டம் நடக்கும் இடத்துக்கு எல்லாராலும் போக முடியுமா? முட்டை மேல் உட்கார்ந்திருப்பவள் எப்படி எழுந்து போவாள்? குட்டி ஈன்றவள், கால் ஒடிந்தவன், வெயில் தாங்காத ஆமை, இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் கரிச்சான் இருந்தாள். கன்னங்கரேல் என்ற உடம்பு, நுனி பிளந்த வால். பருந்தையே விரட்டிக் கொத்துகிற தைரியசாலி. ஆட்டம் நடக்கும் வற்றிய கண்மாயின் கரையில் நின்ற ஒற்றைப் பனையின் உச்சியில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை அப்படியே சொல்லுவாள். அவள் குரல் சுற்றுவட்டாரம் முழுவதும் கேட்கும்.

கேட்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அவள் ஒரு வரி சொன்னதும் 'உம்' கொட்ட வேண்டும். உம் கொட்டாவிட்டால் அடுத்த வரி கிடையாது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் அப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. புதரிலிருந்தும் பொந்திலிருந்தும் வேரடியிலிருந்தும் அந்த உம் எழுந்து வரும். இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு, மறந்துவிடாதீர்கள். தன் அணி முதல் சுற்றிலேயே தோற்றுப் போயிருந்தாலும், கடைசி ஆட்டம் வரைக்கும் எல்லாரும் உம் கொட்டினார்கள். யார் ஜெயித்தால் என்ன, கரிச்சான் உள்ளதைச் சொல்கிறாள் என்ற நம்பிக்கை.

ஆட்டத்தை நடத்தியவர் மரநாய். மைதானத்துக்குக் கோடு கிழிப்பது அவர், சட்டம் போடுவது அவர், தீர்ப்புச் சொல்வதும் அவரே. பந்து மைதானத்தின் முனையில் நட்ட இரண்டு கல்லுக்கும் நடுவே புகுந்தால் அவர் வாலைத் தூக்குவார். வால் எழுந்தால் கோல். ஒரு நாளாவது அவர் மட்டையைக் கையில் எடுத்ததுண்டா? கிடையாது. ஆனால் ஊரெல்லாம் உம் கொட்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் மனிதர் மீசை துடிக்கக் கண்ணை மூடி ரசிப்பார், என்னவோ எல்லாம் தனக்காகத்தான் என்பது போல.

அந்த வருஷம் ஊசிக்கண்மாய் அணி யாரும் எதிர்பாராத விதமாகக் கடைசிக்கு முந்தின ஆட்டம் வரை வந்துவிட்டது. ஊசிக்கண்மாய் என்றால் நாலு பொந்தும் இரண்டு புதரும்தான். அவர்களுக்குக் கொம்பையா என்ற கீரி முன்னால் நின்று ஆடினான். அவன் மனைவி மாடத்தி நான்கு குட்டிகளை ஈன்றிருந்தாள். இன்னும் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. பொந்தை விட்டு அவளால் நகர முடியாது. நல்ல தண்ணீர் இல்லாமல் பாலும் வற்றிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சுட்டு வாங்க" என்றாள் மாடத்தி. "பிள்ளைகளுக்குப் பால் பத்தல. மடுத் தண்ணி கெடைச்சாத்தான் ஆச்சு."

"வாரேன். நீ கரிச்சான் அக்கா சொல்லுததைக் கேட்டுக்கிட்டே இரு. இன்னும் ரெண்டே ஆட்டம்தான்" என்று சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அதே காலையில் மரநாய் ஒற்றைப் பனையில் ஏறினார். பனைமட்டைகளுக்கு நடுவே கரிச்சானின் கூடு இருந்தது. கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கரிச்சான், முட்டை எத்தனை?" என்றார்.

"மூணு அய்யா."

"நல்லா இருக்கட்டும். இது என் பனை, தெரியுமில்ல? சரி, விஷயத்துக்கு வாரேன். இன்னைக்கு ஊசிக்கண்மாய் ஜெயிச்சுதுன்னா கடைசி ஆட்டத்துக்கு உம் கொட்ட ஆள் ஏது? எதிர்த்து ஆடுத ஆலங்கண்மாய்னா ஆயிரம் வாய். சத்தம் ஆகாசத்தைப் பிளக்கும்."

"தோத்தவங்களும்தான் கொட்டுதாங்க, அய்யா. எப்பவும் கொட்டுவாங்களே."

"எனக்குச் சொல்லித் தராதே. நான் வாலைத் தூக்கலேன்னா அது கோல் இல்ல. நீயும் அதையே சொல்லணும். வெளங்குதா?"

இன்னொரு தடவை முட்டைகளைப் பார்த்து நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. ஆட்டம் ஆடுகிறவன் வெயிலில் சாகிறான், கேட்கிறவள் பொந்தில் கிடந்து தவிக்கிறாள், இந்த மனிதர் நடுவில் உட்கார்ந்து வாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்!

ஆட்டம் தொடங்கியது. ஆலங்கண்மாய் அணியில் காட்டுப்பன்றி கல்லுக்கு நடுவே காவல் நின்றது. மறித்து ஆட நாலைந்து முள்ளம்பன்றிகள். ஊசிக்கண்மாய்ப் பக்கம் கீரியும் முயலும் அணிலும்தான். கரிச்சான் சொல்லத் தொடங்கினாள்.

"முயல் பந்தை எடுத்துட்டுது."

"உம்."

"முள்ளம்பன்றி மறிக்குது. முயல் கொம்பையாகிட்டத் தள்ளி விட்டுட்டுது."

"உம்!"

அன்றைக்கு எழுந்த உம் அதற்கு முன் யாரும் கேட்டறியாதது. ஊசிக்கண்மாயின் நாலு பொந்திலிருந்து மட்டுமா வந்தது? முதல் சுற்றில் தோற்றவர்கள், இரண்டாம் சுற்றில் தோற்றவர்கள், எந்தக் கண்மாயோ எந்தப் புதரோ, எல்லாரும் அந்தச் சின்ன அணிக்காக அடிவயிற்றிலிருந்து உம் கொட்டினார்கள். ஆலங்கண்மாய்க்காரர்களே சிலர் ஆர்வத்தில் தங்களை மறந்து கொட்டினார்கள். கரையில் உட்கார்ந்திருந்த மரநாய்க்கு அது கேட்கத்தான் செய்தது. தான் போட்ட கணக்கு தப்பு என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

வெயில் சாயும் வரை இரண்டு அணிக்கும் சமம். சமமாக முடிந்தால் பெரிய கண்மாய்க்கே ஜெயம் என்று ஒரு சட்டம் இருந்தது. அதை யார் போட்டிருப்பார் என்று நான் சொல்லவா வேண்டும்?

"கொம்பையாகிட்ட பந்து" என்றாள் கரிச்சான்.

"உம்."

"ஒரு முள்ளம்பன்றியைத் தாண்டிட்டான்."

"உம்."

"இன்னொண்ணையும் தாண்டிட்டான். பன்னி முன்னால வருது. கொம்பையா மட்டையை ஓங்குதான்."

"உம்!"

கல்லுக்குப் பின்னால் ஒரு பனை விழுந்து கிடந்தது. நடுவே புகுந்த பந்து அதில் போய் மோதினால் 'டொக்' என்று சத்தம் வரும். மைதானத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது கேட்காது. ஆனால் பொந்துக்குள் இருப்பவர்களுக்கு மண் வழியாக வந்து சேரும். மாடத்தியின் வயிற்றுக்கு அடியில் மண் அதிர்ந்தது. டொக்.

"ஒங்க அய்யா போட்டுட்டாருலே!" என்று கண் திறக்காத குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

மரநாயின் வால் எழவில்லை. அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை, பனை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரிச்சான் தன் கூட்டைப் பார்த்தாள். பருந்தையே விரட்டுகிறவள் அன்றைக்குச் சிறகை மடக்கி முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பந்து," என்றாள். பிறகு, "பந்து வெளிய போயிட்டுது."

உம் வரவில்லை.

மாடத்தி பொந்தின் வாய்க்கு ஓடி வந்தாள். "யக்கா! டொக்குனு கேட்டுச்சே யக்கா!" என்று கத்தினாள். பக்கத்துப் பொந்திலிருந்து பெருச்சாளி, "எனக்கும் கேட்டுச்சு" என்றது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த ஆமையும் கேட்டதாகச் சொன்னது. பொந்திலிருப்பவர்கள் புதரிலிருப்பவர்களுக்குச் சொன்னார்கள். புதர் மரத்துக்குச் சொன்னது. ஒவ்வொன்றாக எல்லா வாயும் மூடிக்கொண்டது.

"பந்து வெளிய போயிட்டுது" என்று கரிச்சான் மறுபடி சொன்னாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"கொட்டுங்களேன்! உம் கொட்டுங்க!" என்று மரநாய் கரையில் குதித்தார். கட்டளை போட்டு வாங்குகிற பொருளா அது? ஆலங்கண்மாய்ப் பக்கத்திலிருந்து மட்டும் அரைகுறையாக ஒரு உம் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஆட்டம் முடிந்ததாக அறிவித்துவிட்டார்.

கொம்பையா புழுதியோடு வீடு வந்தான். "மாடத்தி, நான் போட்டேன்" என்றான்.

"தெரியும். எனக்குக் கேட்டுச்சு."

"கரிச்சான் அக்கா பாத்துச்சு. என் கண்ணு முன்னாலதான் பாத்துச்சு. பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லுச்சு."

அந்தக் கோடை முழுக்க ஊசிக்கண்மாய்க்காரர்கள் சேற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். மாடத்தியின் நான்கு குட்டிகளில் இரண்டுதான் கண் திறந்தன.

கடைசி ஆட்டத்தன்று கரிச்சான் சொல்லச் சொல்ல, ஆலங்கண்மாயும் அதை எதிர்த்து ஆடிய கண்மாயும்தான் உம் கொட்டின. மற்ற திசையெல்லாம் ஊமையாகக் கிடந்தது. மறுநாள் மரநாய் கூட்டம் போட்டார். ஏன் சத்தம் குறைந்தது என்று ஆராய வேண்டுமாம்! வெயில் அதிகம் என்றது ஓணான். இளவட்டங்களெல்லாம் தட்டான் பிடிக்கப் போய்விட்டன என்றது கொக்கு. "ஜனங்களுக்கு ரசனை கெட்டுப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று மரநாய் முடித்து வைத்தார். ரசனை இல்லாதவர்களா? அத்தனை வருஷமும் தோற்ற பிறகும் உட்கார்ந்து கேட்டவர்களைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? கூட்டத்தில் கரிச்சானும் இருந்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

குஞ்சுகள் பொரித்துப் பறந்துபோன பிறகு அவள் பனையை விட்டுவிட்டு மாடத்தியின் பொந்து வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. மற்றவர்களுடைய பிள்ளைகள் செத்துப்போன பிறகு!

"மாடத்தி, உள்ளதைச் சொல்ல வந்திருக்கேன். அன்னைக்குக் கொம்பையா மட்டையை ஓங்கினான்."

சொல்லிவிட்டு உம்முக்காகக் காத்திருந்தாள். ஒரு உம் கிடைத்தால் போதும், அடுத்த வரியைச் சொல்லிவிடலாம். பந்து உள்ளே போனது என்பதுதான் அடுத்த வரி. மாடத்தி மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

கரிச்சான் பக்கத்துப் புதருக்குப் போனாள். அங்கேயும் உம் இல்லை. தன் குரலைக் கேட்டால்தான் வெறுக்கிறார்கள் என்று நினைத்து, குயில் போலப் பேசிப் பார்த்தாள், மைனா போலப் பேசிப் பார்த்தாள், வல்லூறு போலக் கூவிப் பார்த்தாள். இன்றைக்கும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து ஊரார் குரலையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு அந்த ஒரு வரியைத்தான் சொல்லத் தொடங்குகிறாள். யாரும் உம் கொட்டுவதில்லை. மரநாயோ பகலில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் இருட்டிய பிறகே வெளியே வருகிறார்.

அந்த நம்பிக்கை போன அன்று முதல்தான், நம்மிடையேயும் கடைசிச் சுற்று ஹாக்கி ஆட்டங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது தன் ஊர் அணி களத்தில் நிற்கும் வரை வீட்டுக்கு வீடு ஆரவாரமாக இருப்பதும், அது வெளியேறிய மறு நிமிடமே பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போவதும். ஆட்டத்தை நடத்துகிற பெரிய மனிதர்கள் ஒவ்வொரு வருஷமும் கூட்டம் போட்டு, பார்க்கிறவர்களுக்கு ரசனை போய்விட்டது என்று சொல்லிக் கலைகிறார்கள். அன்றைக்கு அந்தப் பந்து உள்ளேதான் போனது என்று அவர்களில் ஒருவர்கூட இன்னும் மாடத்தியிடம் போய்ச் சொல்லவில்லை.