பன்னிரண்டாம் கல்

முன்னொரு காலத்தில் கோச்சேந்தன் என்று ஒரு ராஜா. எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். அவருடைய ஒற்றர்கள் இன்னும் சுவரில் காது வைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள். அப்படி ஒரு சந்தேகப் பிராணி அவர். பால் கொண்டுவருகிறவனே முதலில் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால், ஏன் சிரித்துக்கொண்டே குடித்தான் என்று விசாரணை நடக்கும்.

யாரை நம்புவது என்று தெரியாமல் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். வாசலிலிருந்து சிம்மாசனம் வரை சபையில் ஒரே வரிசையாகக் கல் பதித்தார். நடுவில் ஒரு கருங்கல். அதிலிருந்து முன்னால் எண்ணினால் பன்னிரண்டாவது கல்லில் சிம்மாசனம். பின்னால் உள்ள கற்கள் வாசலுக்குப் போகும். சபையில் ஒவ்வொருவரும் தன் கல்லில்தான் நிற்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவன்மேல் ஏழு கல் சந்தேகம் என்று யாராவது சொன்னால், அவன் நிற்கிற இடத்திலிருந்து ஏழு கல் பின்னால் போக வேண்டும். சொன்னவனுக்கு ஏழு கல் முன்னால். சாயங்கால முரசு கொட்டும்போது கருங்கல்லுக்குப் பின்னால் நிற்பவனுக்கு நிலவறை.

கேட்கவும் வேண்டுமா? சபை முழுக்கக் குசுகுசுப்புதான். சொந்த மாமனையே காட்டிக்கொடுத்த மருமகன்கள் உண்டு.

ஒரு நாள் அமைச்சர் அரிகேசரி வாயைத் திறந்தார். விகடகவி நாவுடையானைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

“பிரபு, நேற்று நந்தவனத்தில் நாவுடையான் தனியாக நின்று சிரித்தான். தனியாகச் சிரிப்பவன் யாரை நினைத்துச் சிரிப்பான்? ஏழு கல் சந்தேகம்.”

ராஜாவின் கண் சுருங்கியது. காவலர்கள் நாவுடையானை இழுத்துக்கொண்டுபோய், கருங்கல்லுக்குப் பின்னால் ஏழாவது கல்லில் நிறுத்தினார்கள். வீட்டில் அவன் மனைவி நிறைமாதம்.

“மகாராஜா, எண்ணிக்கை தப்பு” என்றான். “நான் முன்னால் நாலாவது கல்லில் நின்றேன். அங்கிருந்துதானே ஏழு எண்ண வேண்டும்? நாலு கல் நடந்தால் கருங்கல். மிச்சம் மூன்று. ஆக, மூன்று கல் பின்னால்தான் என் இடம்.”

ராஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

“மூன்றோ ஏழோ, பின்னால் பின்னால்தானே” என்றார் அரிகேசரி. முரசுக்காரன் கோலை எடுத்துவிட்டான்.

“ஒத்துக்கொள்கிறேன்” என்று நாவுடையான் மூன்றாவது கல்லுக்கு வந்து நின்றான். “அமைச்சருக்குச் சேரவேண்டிய ஏழு கல்லையும் கொடுத்துவிடுங்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?”

அரிகேசரிக்கு வாயெல்லாம் பல். அவர் நின்றது முன்னால் ஐந்தாவது கல். எடுத்து வைத்தார் நடையை. ஆறு, ஏழு, எட்டு என்று நாவுடையான் உரக்க எண்ணினான். பதினொன்றில் அமைச்சரின் முழங்கால் ராஜாவின் முழங்காலில் இடித்தது.

“இன்னும் ஒரு கல் பாக்கி” என்றான் நாவுடையான். “மகாராஜா, கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. அமைச்சர் வர வேண்டிய இடத்தில் தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.”

ராஜாவின் கை உடைவாளுக்குப் போயிற்று.

“அரிகேசரி, ஆறு என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சரியாக ஏழு?”

“பிரபு, நான்... என் கல்லை நான் கூட்டிப் பார்க்கவில்லை.”

“நாட்டுக் கணக்கெல்லாம் கூட்டுகிற அமைச்சர், இதை மட்டும் கூட்டவில்லையா?”

“அது வீண் சந்தேகம் பிரபு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்” என்று அரிகேசரி காலில் விழுந்தார்.

சந்தேகம் பொய்யானதால் நாவுடையான் ஏழு கல் முன்னால் நடந்து தன் பழைய நாலாவது கல்லுக்கு வந்தான். அரிகேசரியை அவருடைய ஐந்தாவது கல்லுக்கே ராஜா விரட்டினார். “பொய்க்கு ஏழு கல் பின்னால்” என்று அங்கிருந்து தானே எண்ணி, கருங்கல் தாண்டி இரண்டாவது கல்லில் நிறுத்தினார்.

பிறகு விகடகவியைப் பார்த்தார். “என்னைக் காப்பாற்றினாய். உனக்கு ஒன்பது கல் முன்னால்.”

“வேண்டாம் மகாராஜா. நாலோடு ஒன்பது சேர்ந்தால் பதின்மூன்று. தங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பேன். அப்புறம் தங்களுக்குத் தூக்கம் வருமா?”

ராஜா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வெறும் சுவர்தான். பார்த்ததும் தன்னை நினைத்துத் தானே சிரித்துவிட்டார், வயிறு குலுங்க. கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, “வேறென்ன வேண்டும்?” என்றார்.

“யாருக்கும் சந்தேகம் வராமல் வீட்டுக்குப் போக வேண்டும் மகாராஜா. இன்றோ நாளையோ பிள்ளை பிறக்கும்.”

ராஜா வாசலைக் காட்டினார். பின்னால் முரசு கொட்டியது. நாவுடையான் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே ஓட்டமாய் ஓடினான்.