ஓடையில் நீந்திய தாசில்தார்

தாசில்தார் மரியசூசை எழுபத்தாறு வயதில் காலமானார். முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தைக் கருங்காட்டு மலையின் மேலேயே நடத்துவதென்று மலைக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

மலையடிவாரத்தில் தவமணியம்மாவின் ஆசிரமம் இருந்தது. அங்கே ஓர் ஆளை அனுப்பி, தணிகாசலம் வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள்.

தணிகாசலம் அம்மாவின் சீடர். வயது அறுபத்தொன்று, அம்மாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். தாலுகா ஆபீசில் மரியசூசையிடம் ஆறு வருடம் எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆசிரமத்தில் சேர்ந்தார்.

வந்த ஆளிடம், உடம்பு சரியில்லை, மலையேற முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா அப்போது வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

“உடம்புக்கு என்ன ஐயா?” என்று கேட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா.”

“பின்னே?”

தணிகாசலம் வரப்பில் உட்கார்ந்தார். அம்மா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“முப்பத்தொரு வருஷமா யார்கிட்டயும் சொல்லாத விஷயம்மா. அவர் மேல மொட்டைக் கடுதாசி எழுதினது நான்தான்.”

“என்னன்னு எழுதினீங்க?”

“தாசில்தார் ஆபீஸ் நேரத்துல மலையில சுத்துறார், குருவி பார்க்கிறார், ஓடையில சட்டையைக் கழட்டிட்டு நீச்சல் அடிக்கிறார்னு எழுதினேன். தேதி போட்டு எழுதினேன். ஜூலை பதினாலு. மூங்கில் ஏத்தப் போன லாரிக்காரன் ஒருத்தன் பார்த்துட்டு டீக்கடையில சொன்னான். விசாரணை வந்துச்சு. அவரைக் கடற்கரைப் பக்கம் மாத்திட்டாங்க. பதவி உயர்வும் போச்சு.”

“ஏன் எழுதினீங்க?”

“அவர் மலைக்குப் போற நாளெல்லாம் ஆபீசுக்கு வர்ற ஜனங்க என்னைத் திட்டினாங்க.”

“அது மட்டும்தானா?”

தணிகாசலம் தலை குனிந்துகொண்டார்.

“சாயங்காலம் திரும்பி வருவார். கால் முழுக்க சேறு, தலை முழுக்க இலை. முகத்துல அவ்வளவு சந்தோஷம் இருக்கும். வேலை பார்க்கிறவன் முகம் அப்படி இருக்கலாமான்னு எனக்குப் பொறுக்கல.”

அம்மா மண்வெட்டியை வைத்தாள்.

“அவர் எங்க சுத்தினார்னு நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“இல்லம்மா.”

“ஒரு தடவைகூட?”

“கூப்பிட்டார். போகல. அவரைப் பத்திப் பேச எனக்கு என்னம்மா தகுதி இருக்கு?”

அம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“கூட்டம் ஞாயித்துக்கிழமை. வெயிலுக்கு முன்னாடி கிளம்பினா மதியத்துக்குள்ள போயிடலாம். உங்க பையை நீங்கதான் தூக்கணும்” என்றாள்.

ஞாயிறு விடியும்போது இருவரும் நடந்தார்கள். முதல் ஏற்றத்திலேயே தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது. அம்மா நின்று நின்று போனாள். மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. ஏதோ ஒரு பறவை விசிலடித்துக்கொண்டே கூட வந்தது. அதன் பெயர் இருவருக்கும் தெரியவில்லை.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் தணிகாசலம். மலையேறத் தொடங்கிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பத்து மணிக்கு ஓடையை அடைந்தார்கள். இப்போது அதன்மேல் பாலம் இருந்தது. எதிர்க்கரையில் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு, கூட்டத்துக்கு வருபவர்களுக்காகக் காத்திருந்தாள். மலையிலிருக்கும் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை. பெயர் சடைச்சி.

“தணிகாசலம் சார்தானே? வரமாட்டீங்கன்னு சொன்னாங்க. வந்துட்டீங்களே சார்!” என்றாள். இருவருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

தணிகாசலம் பாலத்துக்குக் கீழே பார்த்தார். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக ஓடியது.

“இதுலதான் அவர் நீச்சல் அடிப்பாரா?” என்று கேட்டார்.

“எந்த நீச்சலைக் கேக்குறீங்க சார்? ஜனவரி மாசம் லீவுல வந்து குளிக்கிறதையா? அந்த மழை நாளையா?”

“எந்த மழை நாள்?”

சடைச்சி குடத்தை இறக்கி வைத்தாள்.

“அப்ப எனக்குப் பத்து வயசு. எங்க ஊர்ல பதினோரு பிள்ளைங்க அஞ்சாவது முடிச்சிருந்தோம். கீழே ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேரணும்னா சாதிச் சான்றிதழ் வேணும். எங்க யார்கிட்டயும் இல்ல. மறுநாள்தான் கடைசி நாள். நாலு நாளா மழை. ஓடை ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. பாலம் கிடையாது. இந்தப் பாறை மேல நாங்க எல்லாரும் நின்னுட்டு இருந்தோம். அந்தக் கரையில தாசில்தார் வந்து நின்னார். சட்டையைக் கழட்டினார். சான்றிதழ் பாரங்களையும் முத்திரையையும் மை டப்பாவையும் பிளாஸ்டிக் பையில சுத்தித் தலையில கட்டினார். குதிச்சுட்டார். எங்கம்மா கண்ணை மூடிக்கிட்டா. நான் மூடல.”

“அப்புறம்?”

“கரையேறினதும் சிரிச்சுக்கிட்டே, ‘தண்ணி ஜில்லுன்னு நல்லா இருக்கு’ன்னார். இந்தப் பாறையில உட்கார்ந்து பதினோரு பேருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அதைத் திரும்பவும் தலையில கட்டிக்கிட்டு நீந்திப் போனார். மறுநாள் அவரே பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பதினோரு பேர்ல நான் ஒருத்தி சார்.”

தணிகாசலம் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“அது என்ன தேதி?”

“ஜூலை பதினாலு. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் சொல்லுவேன். மறக்குமா சார்?”

தணிகாசலம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பலா மரத்தில் மரியசூசையின் படத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். படத்தில் அவர் தலையில் துண்டு கட்டி, கையில் கம்போடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்தை அழைத்தார்கள். அவர் எழுந்து படத்துக்கு அருகில் போய் நின்றார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

“அவர் மேல ஒரு மொட்டைக் கடுதாசி போச்சு. அதனாலதான் அவரை இங்கிருந்து மாத்தினாங்க. அதை எழுதினவன் நான்” என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எங்க ஆளைப் பிரிச்சு அனுப்பினது நீயா?”

“நான்தான்.”

“அவர் போன அன்னிக்கு இந்த மலையில அடுப்பு எரியல. தெரியுமா உனக்கு?”

“தெரியாது. இன்னிக்குத்தான் இங்க வர்றேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தணிகாசலம் அசையாமல் நின்றார். சடைச்சி எழுந்து வந்து மைக்கை வாங்கினாள்.

“எனக்கும் கோபம் வருது. இல்லன்னு சொல்லல. ஆனா விசாரணை நடந்த அன்னிக்கு ஹாஸ்டல்லேருந்து லீவுல வந்து நான் அங்க இருந்தேன். சாட்சி கேக்க அதிகாரி ஓடைக்கரைக்கே வந்தார். நடந்ததை நடந்தபடி சொல்றேன்” என்றாள்.

கவுண்டர் கம்பின்மேல் சாய்ந்து கேட்டார்.

“அதிகாரி கடுதாசியை அவர் கையில கொடுத்து, ‘ஆபீஸ் நேரத்துல நீச்சல் அடிச்சீங்களா?’ன்னு கேட்டார். நம்ம தாசில்தார், ‘ஆமா சார். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை’ன்னார்.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

“‘கடுதாசியில எழுதினது எதுவும் பொய்யில்ல சார். குருவியும் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மேலே இருக்கிற ஊரையும் பார்த்துட்டுப் போங்க’ன்னார். அந்த அதிகாரி ரெண்டு நாள் ஏறினார், இறங்கினார். கால் வீங்கிப்போச்சு. ஊர் ஊரா எழுதிக்கிட்டுப் போனார். அடுத்த மாசத்திலேருந்து மாசம் ஒரு தடவை மலைமேலயே சான்றிதழ் முகாம். மூணாம் வருஷம் பாலம் வந்துச்சு. நம்ம தாசில்தார் ஊர் மாறினாரே தவிர, இங்க வர்றதை விட்டாரா? எழுபத்திநாலு வயசு வரைக்கும் ஜனவரி பிறந்தா கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு வந்தார்.”

அவள் மைதானத்தைப் பார்த்தாள்.

“அவர் கொடுத்த சான்றிதழ்ல, அப்புறம் முகாம்ல கிடைச்ச சான்றிதழ்ல படிச்சவங்க கொஞ்சம் எழுந்திரிங்க.”

ஒருவர் எழுந்தார். நர்ஸ் உடையில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். வனக்காவலர், பஸ் டிரைவர், வாத்தியார், கைக்குழந்தையோடு ஒரு வக்கீல். உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களை அண்ணாந்து பார்த்துக் கை தட்டினார்கள். தட்டல் ஓயவில்லை. சிறுபிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்று கத்தினார்கள்.

தணிகாசலம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கவுண்டர் அவர் தோளைத் தொட்டார்.

“அவர் வரும்போதெல்லாம் உச்சிப்பாறைக்கு ஏறாம போகமாட்டார். இன்னிக்கு ஊரே ஏறுது. நீயும் ஏறு” என்றார்.

மேளம் முன்னால் போனது. நானூறு பேரும் புல்மேட்டில் ஏறினார்கள். படத்தை ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். பாதியில் தணிகாசலம் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். இன்னும் கொஞ்சம் ஏறியதும், “நான் தூக்குறேன்” என்று படத்தைக் கேட்டார். கொடுத்தார்கள். அவர் மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி ஏற்றத்தை ஏறினார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. “மரியசூசை!” என்று எல்லோரும் ஒரே குரலில் கூவினார்கள். எதிர்மலை திருப்பிக் கூவியது. மறுபடியும் கூவினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கவுண்டர் கம்பை உயரத் தூக்கி இரண்டு அடி ஆடினார். தணிகாசலமும் கூவினார். தன் குரல் அத்தனை தூரம் போகும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பிறகு அம்மாவுக்கு அருகில் வந்து நின்றார். உடம்பெல்லாம் வியர்வை. தலையில் புல் ஒட்டியிருந்தது.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க ஐயா.”

“ஆறு வருஷம் தினமும் என் எழுத்தைப் பார்த்தவர். கடுதாசி எழுதினது நான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அம்மா பாறையின் விளிம்பைக் காட்டினாள்.

“அங்கிருந்து கீழே பாருங்க. எத்தனை ஊர் தெரியுது?”

தணிகாசலம் படத்தைப் பிடித்தபடியே விளிம்புக்குப் போனார். கண்ணுக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“ஏழு தெரியுதும்மா. அந்தச் சரிவுல புகை வருது, அதையும் சேர்த்தா எட்டு.”

“அவர் எழுத்தைப் பார்க்கல ஐயா, அந்த ஊர்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்” என்றாள் அம்மா.