தலைப்பிரட்டைக்கு என்ன நிறம்?

குளத்தை ஆண்ட கொக்கு சும்மா போகவில்லை. நடுவில் ஒரு மண்வரப்பைப் போட்டுவிட்டுப் போனது. தெற்கே பச்சைத் தவளைகள். வடக்கே கொக்கைக் கும்பிடும் பழுப்புத் தவளைகள், அவற்றோடு மாட்டிக்கொண்ட கொஞ்சம் பச்சைகள். கொக்கு தங்கள் தாத்தாக்களைத் தின்றதெல்லாம் பழுப்புகளுக்கு ஒரு குறையே இல்லை. தின்னும்போது மரியாதையாகத் தின்றதாம்!

பழுப்புகளுக்கு அது கொக்குக்குளம். பச்சைகளுக்கு அல்லிக்குளம். பெயரை மாற்றிச் சொன்னால் முகத்தில் சேறு விழும்.

ஒரு கோடையில் வடக்குப் பக்கம் வற்றியது. பாசிக்கண்ணி என்ற பச்சைத் தவளையின் தலைப்பிரட்டைகள் வரப்போரக் குட்டையில் துடித்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பியது.

அவள் பழுப்புத் தலைவர் தம்பட்டாரிடம் ஓடினாள். அவர் வருடாந்தர ஊர்வலத்துக்கு மேளம் பழகிக்கொண்டிருந்தார். என்றைக்கோ கொக்கு ஒரு பச்சை ராஜாவை ஜெயித்ததாம். அதற்காக வருடா வருடம் பச்சைகளின் வாசல் வழியாகவே கொட்டிக்கொண்டு போக வேண்டும்.

“குளம் வத்துது தலைவரே. வரப்பைக் கொஞ்சம் உடைக்கணும்.”

“எந்தக் குளம்?”

“அல்லிக்குளம்.”

“அப்படி ஒரு குளமே இல்லையே. இல்லாத குளம் எப்படி வத்தும்?”

“சரி, கொக்குக்குளம்னே வெச்சுக்குங்க.”

“கொக்குக்குளத்துல கொக்கு போட்ட வரப்பு. தொடக் கூடாது.”

வடக்குப் பச்சைகளின் தலைவர் கொடியாரிடம் போனாள். சேதி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“அந்தப் பேரை உன் வாயால சொன்னியாமே?”

“அதை விடுங்கண்ணே. வரப்பை உடைப்போம்னுதானே இத்தனை வருஷமா பாடுறீங்க? வாங்க, உடைப்போம்.”

“பாடுறது வேற, உடைக்கிறது வேற. உடைச்சிட்டா அப்புறம் எதைப் பாடுறது?”

ஊர்வல நாள் வந்தது. பழுப்புகள் மேளத்தோடும் பச்சைகள் சேற்றுருண்டையோடும் கிளம்பின. குட்டையருகே மிஞ்சியது பாசிக்கண்ணியும் மண்ணாத்தா என்ற பழுப்புத் தாயும்தான். அவள் பிள்ளைகளும் அதே குட்டையில். இருவரும் அதுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“என்ன பார்க்கிற? கால் சும்மாதானே இருக்கு, ஒதை,” என்றாள் பாசிக்கண்ணி.

இருவரும் உதைத்தார்கள். வரப்பில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

தலைவர்கள் இருவரும் சேறு வழிய ஓடிவந்தார்கள். “யாரைக் கேட்டு உடைச்சீங்க? எங்க பிள்ளைங்களைத் தனியா பிரிச்சுக் கொடுங்க!”

“உங்க ரெண்டு பேர் பேரப்பிள்ளைங்களும் இதுலதான் இருக்கு. நீங்களே பொறுக்கிக்குங்க,” என்றாள் பாசிக்கண்ணி.

தலைவர்கள் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் கறுப்பு. எல்லாவற்றுக்கும் வால். ஆயுளில் முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

“கால் முளைக்கட்டும். நிறம் வந்ததும் பிரிச்சுக்கலாம்.”

“முளைக்கட்டும். முதல் ஒதை யாருக்குன்னு நான் சொல்லிக்கொடுக்கிறேன்,” என்றாள் மண்ணாத்தா.

பிள்ளை தண்ணீருக்குத் தவிக்கும்போது குளத்தின் பெயரைக் கேட்டு நிற்கிறவனுக்கு, அந்தக் குளமும் சொந்தமில்லை, அந்தப் பிள்ளையும் சொந்தமில்லை.