குறை பன்னிரண்டு

முன்னொரு காலத்தில், கடலோரத்தில் தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. பாதிக் காலை பனிமூட்டத்துக்குள்ளேயே கிடக்கும் நாடு. அதை நித்திலராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கண்ட கனவையெல்லாம் சட்டமாக்கிவிடுவார். மீன்கள் பல்லக்கில் போவதாக ஒருநாள் கனவு வந்தது. ஒரு மாதம் யாரும் வலை வீசக்கூடாது என்று தண்டோரா போட்டுவிட்டார்.

அந்த நாட்டில் மழை ஓய்ந்ததும் குளிர்காய்ச்சல் வரும். தொலைதூரத் தீவு ஒன்றின் ராணி தன் மகளை அதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அதனால் வருஷந்தோறும் வெள்ளைப் பாய் விரித்த கப்பலில் பொன் அனுப்புவாள். அந்தப் பொன்னில்தான் ஊருக்கு ஊர் மருந்துச்சாலை நடந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. தந்த பொன் யார் வாய்க்கு மருந்தாகப் போயிற்று என்று கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கப்பல் வராது.

நெய்தலூர் மருந்துச்சாலை மூக்காயியின் பொறுப்பு. கஷாயம் காய்ச்சுவதில் கெட்டிக்காரி, எழுத்தென்றால் நடுக்கம். அவளைப் போன்றவர்களுக்காக அமைச்சர் அறவாழியார் மூன்று மாதம் சில ஊர்களுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் பழக்கினார். ஒரு கரண்டி கஷாயம் கொடுத்தால் ஒரு புளியங்கொட்டை கலயத்தில் விழ வேண்டும். பொழுது சாயும்போது எண்ணி ஓலையில் எழுத வேண்டும். மூக்காயிக்குக் கோடு நேராக வரவே இருபது நாள் ஆயிற்று.

பொக்கிஷதார் செண்பகமூர்த்திக்கு இது பொறுக்கவில்லை.

"மகாராஜா, கஷாயம் கிண்டுகிற கைக்கு எழுத்தாணி எதற்கு? பொன்னும் கணக்கும் என்னிடமே இருக்கட்டும். என் எழுத்தர்கள் அரண்மனையில் உட்கார்ந்தபடியே முத்துமுத்தாக எழுதிவிடுவார்கள்."

ராஜா கொட்டாவி விட்டார். "நேற்றுக் கனவில் ஒரு தராசு என்னிடம் பேசிற்று. இரண்டு தட்டிலும் போட்டுப் பார் என்றது. ஆகவே போட்டி! நூறு கரண்டி கஷாயம் பிடிக்கும் ஜாடி ஒன்று நெய்தலூருக்குப் போகட்டும். மூன்று நாள் கணக்கை அவளும் எழுதட்டும், உன் எழுத்தரும் எழுதட்டும். எது சரியோ, இனி நாடு முழுக்க அந்த வழிதான்."

"உத்தரவு," என்றார் அறவாழியார். "ஒரு விண்ணப்பம். கணக்குக் கேட்கத் தீவிலிருந்து தூதர் சாமரி அம்மை வந்திருக்கிறார். ஜாடியை நிரப்பி முத்திரை வைப்பது அவர் கையாகவே இருக்கட்டும்."

"இதிலென்ன இருக்கிறது, தாராளமாக!" என்று சிரித்தார் பொக்கிஷதார்.

வாய் குறுகிய ஜாடி. உள்ளே எட்டிப் பார்த்தாலும் இருட்டுதான். மூங்கில் கரண்டியால் மூக்காயி மொண்டு மொண்டு கொடுத்தாள். மூன்றாம் நாள் வெயில் தாழ்கையில் கரண்டி அடியைச் சுரண்டிற்று. வாசலில் இன்னும் ஐந்து பேர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கலயத்தைக் கவிழ்த்து எண்ணினாள். எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். எண்பத்தெட்டேதான்.

"பன்னிரண்டு கொட்டையைச் சேர்த்துப் போடேன்," என்றான் அவள் புருஷன் மாடப்பன். "யார் பார்க்கப் போகிறார்கள்? நீ தோற்றால் கப்பலும் நின்றுபோகும்."

மூக்காயி கைநிறையக் கொட்டைகளை அள்ளினாள். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு முகம் இருந்தது: இருமிய கிழவர், துப்பிவிட்ட குழந்தை, பாதித் தூக்கத்தில் குடித்த உப்பளத்துக்காரி. இந்தப் பன்னிரண்டுக்கு எந்த முகத்தைப் போடுவது? கனவில் வந்தவர்களுக்கா மருந்து கொடுத்தாள்?

கொட்டைகளைக் கீழே போட்டாள். ஓலையில் எழுதினாள்: 'கொடுத்தது எண்பத்தெட்டு. குறை பன்னிரண்டு. காரணம் தெரியவில்லை.'

மறுநாள் சபை கூடியது. சாளரம் வழியே பனி உள்ளே வந்து தூண்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. பொக்கிஷதாரின் ஓலையில் நூறு கரண்டி, நூறு பெயர், ஒரு பிசகு இல்லை. மூக்காயியின் ஓலையைக் கேட்டதும் சபையே சிரித்தது.

"பன்னிரண்டு கரண்டியைக் குடித்தது யார், நீயா?" என்றார் பொக்கிஷதார்.

"இல்லைங்க ஐயா. எங்கே போச்சுன்னு எனக்கே தெரியலை."  கப்பல் திரும்பிப் போவது அவள் கண்முன்னே தெரிந்தது.

அறவாழியார் எழுந்து சாமரி அம்மையைப் பார்த்தார். "தாயே, ஜாடியில் எவ்வளவு ஊற்றினீர்கள்? எனக்கும் தெரியாது. உங்கள் விருப்பம் போல் ஊற்றுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன்."

சாமரி அம்மை நிதானமாகச் சொன்னார்: "எண்பத்தெட்டு."

 ராஜா பொக்கிஷதாரின் ஓலையை இழுத்துப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"செண்பகமூர்த்தி, நாற்பத்தேழாவது ஆள் யார்? பொன்னம்பாரி என்று இருக்கிறதே."

"யாரோ நெய்தலூர்க்காரன், மகாராஜா."

"அடேய், அது என் பட்டத்து யானை!"

அரண்மனைச் சோற்றுப் பட்டியலைப் பார்த்து எழுத்தர் பெயர்களை இறக்கியிருந்தார். அதுவும் ஜாடி புறப்படுவதற்கு முதல் நாளே. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "என் யானை ஒரே ஒரு கரண்டியா குடிக்கும்?"

சாமரி அம்மை மூக்காயியின் ஓலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எத்தனையோ நாடுகளில் கணக்குக் கேட்டிருக்கிறேன். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதியவரை இன்றுதான் பார்க்கிறேன். கப்பல் வரும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றினார். "வேறென்ன வேண்டும், கேள் அம்மா!"

"மாலை இருக்கட்டுங்க மகாராஜா. வாசல்ல அஞ்சு பேர் மருந்தில்லாம நிக்கிறாங்க."

"மீதிப் பன்னிரண்டு கரண்டி கப்பலில் பத்திரமாக இருக்கிறது," என்று சாமரி அம்மை எழுந்தார். "நானே கொண்டுவருகிறேன்."

அன்றிலிருந்து தாழைநாட்டில் ஊருக்கு ஊர் புளியங்கொட்டைக் கணக்குப் பழக்கினார்கள். செண்பகமூர்த்திக்கு ஒரு வருஷம் நெய்தலூரில் வேலை. முதல் நாள், பனி விலகாத காலையில், ஒரு கரண்டி கொடுத்துவிட்டுக் கலயத்தில் இரண்டு கொட்டை போட்டார்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மூக்காயி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐயா, ஒண்ணு அதிகம்," என்றாள்.