பிளக் இல்லாத வண்டி

மலைப்பாதையில் பஸ் விடும் தனியார் கம்பெனி அது. பரஞ்சோதி அங்கே கண்டக்டர். சங்கத்தின் செயலாளரும் அவர்தான். வயது ஐம்பத்து மூன்று. எந்த மேடை ஏறினாலும், "தொழிலாளிதான் இந்த நாட்டின் என்ஜின்!" என்று முடிப்பார். கை தட்டுவார்கள்.

ஒருநாள், கம்பெனிப் பட்டறையில் என்ஜின் மெக்கானிக்கான பிலோமினா கை தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் வந்து கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த என்ஜினுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

பரஞ்சோதி யோசித்துப் பார்த்தார். "தெரியாதும்மா."

"தெரியாமத்தான் இத்தனை வருஷமா எங்கள அதுன்னு சொல்லிட்டு இருக்கீங்களா?"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் மறுநாள் டூட்டிக்கு முன்னால் பட்டறை வாசலில் வந்து நின்றார். "சொல்லிக் குடுங்க" என்றார். தன்னைவிட இளைய பெண்ணிடம் கைகட்டிப் பாடம் கேட்கும் செயலாளரைப் பார்த்து ஃபிட்டர்கள் சிரித்தார்கள். பிலோமினாவுக்கு 'வாத்தியாரம்மா' என்று பட்டம் கட்டினார்கள். நாளடைவில் கேலி உதிர்ந்துபோயிற்று. பெயர் நின்றுவிட்டது. பாடம் மட்டும் டயர், பிரேக்கைத் தாண்டி என்ஜினுக்குள் இன்னும் போகவில்லை.

பிலோமினா அடக்கஒடுக்கத்துக்குப் பேர் வாங்கியவர் இல்லை. வெளியூர்ப் பேச்சாளர்கள் மேடையில் அவரைப் பெண்குலத்தின் பெருமை என்பார்கள். இறங்கி வந்ததும் டீ வாங்கிவரச் சொல்வார்கள். "கடை எதிர்லதான் இருக்கு, கால் இருக்கில்ல?" என்பார் பிலோமினா.

அப்படியிருக்க ஒரு வாரம் டிரைவர் இசக்கிமுத்துவை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் செய்த குற்றம், பிரேக் பிடிக்காத வண்டியை மலை இறக்கத்தில் ஓட்ட மாட்டேன் என்றது. ஐம்பது உயிர்களைக் காப்பாற்றிய மனிதனுக்குக் கம்பெனி கொடுத்த பட்டம் 'ஒழுங்கீனம்'.

வரும் திங்கட்கிழமை கம்பெனி வாசலில் வாயிற்கூட்டம் என்று சங்கம் முடிவு செய்தது. இதற்கு முன்னால் நடந்த கூட்டங்களும் சும்மா நடக்கவில்லை. மதுரையிலிருந்து ஆள் வந்து பேசினால் கேட்டுக் கதவே அதிரும். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லோரும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

பரஞ்சோதி மனம் நொந்து பட்டறைக்கு வந்தார்.

"வாத்தியாரம்மா, நம்ம ஆளுங்ககிட்ட தீயே இல்ல. இந்தத் தடவையும் தோத்தா இசக்கிமுத்து தெருவுலதான் நிக்கணும். பத்த வைக்கிற மாதிரி பேச யாரைக் கூப்பிடலாம்?"

பிலோமினா திரும்பிப் பார்த்தார். எதிரே ஒரு பஸ் கிளம்ப மாட்டாமல் இருமிக்கொண்டிருந்தது. பரஞ்சோதி டூட்டி பார்க்கும் வண்டி அது. கிளீனர் ஒரு கம்பியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிப் பற்ற வைத்து, காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் பிடித்தார். என்ஜின் தீயை உறிஞ்சி, கரும்புகை கக்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கியது.

"எவ்வளவு நாளா இந்தக் கூத்து?" என்றார் பிலோமினா.

"தீபாவளியில இருந்து, தினமும்தான். இங்க கொண்டு வராம ஸ்டாண்டுலயே பத்த வச்சுக்குவோம்" என்றார் கிளீனர்.

"ஆஃப் பண்ணுங்க." பிலோமினா பரஞ்சோதியிடம் திரும்பினார். "அண்ணாச்சி, இதுக்குத் தீ எங்க இருந்து வருது? காட்டுங்க."

"பிளக்குல இருந்துதான்." பைக் வைத்திருப்பவருக்கு, பொறி கிளப்பிப் பெட்ரோலைப் பற்ற வைக்கும் பிளக்கைத் தெரியும்.

"தேடுங்க."

பரஞ்சோதி தேடினார். குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார். ஃபிட்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"காணோமே!"

"இருந்தாத்தானே. அது பெட்ரோல் வண்டிக்கு. டீசலுக்குப் பிளக் கிடையாது."

"அப்ப எப்படிப் பத்தும்?"

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கீங்களா? பம்ப்போட அடி சுடுமே, ஏன்?"

"காத்தை அழுத்துறோம். சுடுது."

"அதேதான். காத்தை உள்ள விட்டு, வால்வை மூடி, பிஸ்டன் மேல ஏறி நெருக்குது. நெருக்க நெருக்க வெறும் காத்து கொதிக்குது. அதுல டீசல் பீச்சினா தானாப் பத்திக்கும். யாரும் தீக்குச்சி கொண்டுவர வேண்டாம்."

"இதுக்கு மட்டும் ஏன் துணி வேணும்?"

பிலோமினா டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஓட்டைகள். முதல் ஓட்டையைக் காட்டி, "பெருவிரலை வச்சு அடைங்க" என்றார். ஒரு ஃபிட்டர் கடப்பாரையால் என்ஜினைச் சுழற்றும் ஃபிளைவீல் சக்கரத்தை நெம்பிச் சுற்றினார். உள்ளிருந்து ஏதோ விரலை முட்டியது. பரஞ்சோதி பல்லைக் கடித்து அழுத்தினார். விரலைத் தூக்கி எறிந்துவிட்டு 'டப்' என்று காற்று வெளியே பாய்ந்தது.

"யம்மா!"

"வெறும் காத்துதான் அண்ணாச்சி. இப்ப மூணாவது."

மூன்றாவதில் அந்த முட்டல் இல்லை. விரலுக்கடியில் மெல்லிய பெருமூச்சு மட்டும். பின்னால் சைலன்சருக்குள் 'உஸ்ஸ்' என்று கேட்டது. மற்ற ஓட்டைகளிலும் பெரும்பாலும் இதே கதை.

பிலோமினா மேல்மூடியைத் திறந்தார். வால்வைத் தள்ளும் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு போய்வர இடைவெளி இருக்க வேண்டும்; டேப்பட் இடைவெளி என்பார்கள். தகட்டை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"டேப்பட்டை இந்த இறுக்கு இறுக்கினது யாரு?"

ஒரு ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "நீங்க லீவுல இருந்தப்போ... டக்டக்னு சத்தம் வருது, முதலாளி காதுக்கு ஆகல, எப்படியாவது அடக்குன்னு அண்ணாச்சிதான் சொன்னாரு."

எல்லோரும் பரஞ்சோதியைப் பார்த்தார்கள்.

"ஆமா, சொன்னேன். சத்தம் நின்னுதே!"

"நின்னுது. இரும்பு சூடேறினா நீளும். நீள இடம் விடாம இறுக்கிட்டீங்க. வால்வு முழுசா மூடாது. நெருக்க வேண்டிய நேரத்துல எல்லாம் இந்த இடுக்கு வழியா வெளிய போயிடுது. அந்த டக்டக், கதவு சரியா மூடுதுங்கிறதுக்குச் சாட்சி. அதை அடக்கினீங்க. அப்புறம் உள்ள சூடு இல்லன்னு வெளிய இருந்து தீ கொண்டு வர்றீங்க."

"வால்வே வேண்டாம்னு சொல்றீங்களா?"

"வால்வு இல்லாம என்ஜினா? திறக்கிற நேரத்துல திறக்கணும். அவ்வளவுதான்."

திருகுகளைத் தளர்த்தி, தகடு உரசிக்கொண்டு போய்வரும் அளவுக்கு வைத்தார். எல்லாவற்றையும் பூட்டி முடித்ததும், "இப்ப எடுங்க" என்றார். கிளீனர் பழக்கதோஷத்தில் துணியைத் தேடினார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. டக்டக் டக்டக் என்று பட்டறை முழுக்கக் கேட்டது.

பிலோமினா தகட்டைத் துடைத்தபடி கேட்டார்.

"நம்ம ஆளுங்க கொதிச்சுப்போய் கேட்டுல கூடினா நீங்க என்ன செய்வீங்க, அண்ணாச்சி?"

"மேனேஜர் ரூமுக்குப் போயிப் பேசுவேன். கூப்பிட்டு அனுப்புவாரு. காபி குடுப்பாரு."

"இவங்க?"

"சத்தம் போடாம டூட்டிக்குப் போங்க, நான் பார்த்துக்கிறேன்னு..."

பரஞ்சோதி தன் பெருவிரலைப் பார்த்தார். கரி வட்டமாக ஒட்டியிருந்தது.

மதுரைக்கு அவர் போன் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை டிரைவர்கள், கண்டக்டர்கள், பட்டறைக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு வண்டியும் நகரவில்லை. முன்வரிசையில் இசக்கிமுத்து காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றார். ஆளாளுக்குப் பேசினார்கள். பிரேக் பற்றி, வழுக்கை டயர் பற்றி, லீவு கேட்டு வாங்கிய வசவு பற்றி. அதட்டி அடக்க யாரும் இல்லை. வெயில் ஏற ஏறப் பேச்சும் சூடேறியது.

பியூன் ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, மேனேஜர் கூப்பிடுறாரு. உங்கள மட்டும். காபி ஆறுது."

பழகிய கால்கள் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டன. பரஞ்சோதி திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியாரம்மா, போகட்டுமா?"

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? உங்க பெருவிரலைக் கேளுங்க."

பரஞ்சோதி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "காபிய அவரையே குடிக்கச் சொல்லு. பேசணும்னா இங்க வரச் சொல்லு" என்றார். கூட்டம் அவருக்கு இருபக்கமும் நெருங்கி நின்றது. முப்பது வருஷ சங்க வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அதன் நடுவில் இருந்தார்.

நெடுநேரம் கழித்து மேனேஜரே வெளியே வந்தார். பேச்சாளரைத் தேடினார். அப்படி யாரும் இல்லை.

"சரி, இசக்கிமுத்து நாளைக்கே டூட்டிக்கு வரட்டும்."

"பிரேக்கு?" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"அதையும் பார்த்துட்டுத்தான் வண்டி போகும்." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு புரியல. வெளியூர்ல இருந்து ஒருத்தரும் வரல. இவங்களை யாரு பத்த வச்சது?"

பிலோமினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாங்க டீசல், சார். எங்களுக்குப் பிளக் கிடையாது."