ஷூ பழக்கிய மூன்று பேர்

ஆலங்காட்டுவிளையில் கோயில்பிள்ளை, தவசிமுத்து, ஏசுவடியான் என்று மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள். ஆண்டவர் மூவருக்கும் நல்ல மனசைத் தாராளமாகக் கொடுத்திருந்தார். மற்றதை அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தவர், அப்படியே மறந்துவிட்டார் போல.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில்பிள்ளையின் மச்சினன் சாலமோன் ஆனைக்கல் மலையில் நடக்கப்போகும் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தான்.

“அதெல்லாம் உங்களுக்கு ஆகாது அத்தான். நீங்க மூணு பேரும் நேரத்துக்குள்ள முடிச்சுட்டா, நான் என் மீசையை எடுத்துருதேன். இல்லைன்னா உங்க மீசையை எடுக்கணும்.”

“சரி மாப்ளே” என்று சொல்லிவிட்ட பிறகுதான் கோயில்பிள்ளைக்குப் பெண்டாட்டியின் ஞாபகம் வந்தது. ரோஸ்லின் அந்த மீசையைப் பார்த்துத்தானே கல்யாணத்துக்குத் தலையாட்டினாள்! மீசை இல்லாமல் போய் நின்று, அவள் யாரோ என்னவோ என்று கதவைச் சாத்திவிட்டால் எங்கே போய்ப் படுப்பது?

மறுநாள் விடிந்ததும் மூவரும் டவுனுக்குப் போய் ஷூக் கடையில் நின்றார்கள். கடைக்கார அம்மா மலையில் ஓடிப் பழகியவள். பொறுமையாகச் சொன்னாள்.

“ஷூ வாங்க சாயங்காலம் வரணும் அண்ணாச்சி. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு பாத்தாத்தான் சரியா இருக்கும்.”

“அதுக்கென்ன, இப்பவே வீங்க வச்சிருவோம்” என்று ஏசுவடியான் வெளியே போனார். கடைக்குப் பின்னால் ஓர் எறும்புப் புற்று இருந்தது. அதில் வலது காலை வைத்து, பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கிறவரை அசையாமல் நின்றார். கால் பலாப்பழம் மாதிரி வந்துவிட்டது. இடது காலுக்கு எறும்பு மிச்சமில்லை.

பலாப்பழத்துக்குத் தக்க ஷூவைக் கட்டிக் கொடுக்கும்போது அந்த அம்மா இன்னும் கொஞ்சம் புத்தி சொன்னாள். “புது ஷூவோட நேரா பந்தயத்துக்குப் போயிராதீங்க. முதல்ல நல்லாப் பழக்கணும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டணும். கடைசி வாரம் மட்டும் குறைச்சுக்கிடணும்.”

அன்று கோயில்பிள்ளை வீட்டுத் தொழுவத்தில் ஆலோசனை நடந்தது.

“பழக்குறதுன்னா, மாட்டைப் பழக்குற மாதிரிதானே வே?” என்றார் தவசிமுத்து.

“பின்னே? கன்னுக்குட்டியை எடுத்தவுடனே வண்டியில பூட்டுவீரா? முதல்ல கயிறு போடணும்லா” என்றார் ஏசுவடியான்.

கோயில்பிள்ளை லேஸைத் தூக்கிக் காட்டினார். “கயிறு ஏற்கெனவே போட்டுத்தான் குடுத்திருக்கா வே.”

கடைக்கார அம்மாவின் முன்யோசனையை மூவரும் மெச்சினார்கள். ஷூக்களை வரிசையாகக் கட்டி, முன்னால் தவிடு வைத்தார்கள். காலையில் தவிட்டைக் காணோம். “தின்னுட்டு வே! பழகிட்டு!” என்று குதித்தார்கள். பக்கத்தில் கோழிகள் அலகைத் தரையில் துடைத்துக்கொண்டிருந்தன.

அப்புறம் தூரத்தைக் கூட்ட ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு விளக்குமாறு. முதல் நாள் சர்ச் வாசல்வரை கூட்டினார்கள். அடுத்த நாள் பாலம்வரை. போகப்போக மலையடிவாரம்வரை ரோடு பளபளத்தது. ரோஸ்லின் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே அவள் கேட்பதை விட்டுவிட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி வாரம் குறைக்க வேண்டுமே! கூட்டி அள்ளிய குப்பையில் பாதியைக் கொண்டுவந்து திரும்பவும் ரோட்டில் கொட்டினார்கள்.

பந்தய நாள் வந்தது. “மூணு மணிக்குள்ள இந்தக் கோட்டைத் தாண்டினாத்தான் கணக்கு” என்று மைக்கில் சொல்லி அனுப்பினார்கள். மூவரும் ஓடினார்கள், நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். மலை உச்சியில் ஏசுவடியானுக்கு வீக்கம் வடிந்து ஷூ கழன்றது.

“நீங்க முன்னால போங்க. நான் ஒரு புத்தைப் பாத்துட்டு வாரேன்.”

இரண்டு பேரும் அடிவாரம் வந்து சேர்ந்தபோது பந்தயம் நடத்துகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தலில் இருந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டருகே சாலமோன் மட்டும் நின்றான். கோட்டுக்கு முன்னால் கோயில்பிள்ளை சட்டென்று நின்றுவிட்டார்.

“ஏன் வே நின்னுட்டீரு?”

“தாண்டச் சொல்லியிருக்காவல்லா? மிதிச்சா செல்லாது. எனக்குக் கால் எழும்பல வே.”

“பிளேடு கையோட கொண்டாந்திருக்கேன் அத்தான்” என்றான் சாலமோன்.

கோயில்பிள்ளை இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். தவசிமுத்து கண்ணை மூடி யோசித்தார்.

“அண்ணாச்சி, நீரு கோட்டைத் தாண்டுனா என்ன, கோடு உம்மைத் தாண்டுனா என்ன?”

சொல்லிவிட்டுக் கோட்டைக் காலால் அழித்தார். ஓரமாகக் கிடந்த சுண்ணாம்புப் பையை எடுத்து, இரண்டு பேருக்கும் பின்னால் புதுக் கோடு போட்டார். சாலமோனும் அதே ஊர்ப் பக்கம்தானே, அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

“சரி, மூணாவது ஆளு?”

“அவருக்குப் பின்னாலயும் போட்டுட்டாப் போச்சு!” கோட்டைச் சுத்தமாக அழித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் மலையேறினார்கள். கால் எழும்பாத கோயில்பிள்ளைதான் முன்னால் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஏசுவடியான் அவர்கள் போகாத ஓடைப் பக்கமாக இறங்கி, நன்றாக வீங்கிய காலோடு வந்து நின்றார். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

“கோட்டை எங்கவே காணோம்?”

“உங்களைத் தேடித்தான் மலைக்குப் போயிருக்கு” என்றான் சாலமோன்.

“அடப்பாவமே, எனக்காக அவ்வளவு தூரம் அலையுதா!” என்று ஏசுவடியான் வந்த வழியே திரும்பி ஏற ஆரம்பித்தார்.

யார் மீசை போகும் என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று, சாலமோன் பிளேடையும் தன் மீசையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினான்.