வீலுக்குள்ள போகாத டீரெயிலர்

“டீச்சர், இந்த மூணுல எது வீலுக்குள்ள போகாது?”

சென்னியப்பன் மூன்று டப்பாக்களை ஹெலன் முன்னால் வைத்தார். மூன்றிலும் புது டீரெயிலர். பின்சக்கரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் சின்னக் கை அது.

போன மாதம் கோத்தகிரி ஏற்றத்தில் பழையது சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கி, மனுஷன் நடுரோட்டில் விழுந்தார். பஸ் டயர் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அன்றிலிருந்து தூக்கம் போச்சு. அவருக்கு ஐம்பத்தாறு வயது. சைக்கிள் ஓட்டப் பழக்கும் ஹெலனுக்கு முப்பதுகூட இல்லை. உயிர்ப்பயத்தில் வெட்கம் பார்க்க முடியுமா? இதுவும் சரிப்படாவிட்டால் சைக்கிளை விற்றுவிடுவது என்றே வந்திருந்தார்.

“உங்க வண்டிக்கு மூணுமே பொருந்துங்கண்ணா.”

“பொருந்தறது கெடக்கட்டும். உள்ள போகாதது எது?”

ஹெலன் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினாள். அது எதுவரை உள்ளே நகரலாம் என்று கட்டுப்படுத்தும் சின்னத் திருகை முடுக்கினாள். இன்னும் முடுக்கினாள்.

“இனி அது நெனச்சாலும் வீல் பக்கம் போகாது.”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. எதிரே இருந்த மேட்டில் உடனே ஏறிப் பார்த்தார். பாதியில் மிதி கனத்தது. கியரைத் தட்டு தட்டென்று தட்டினார். மேடு ஏற்றிவிடும், கம்பிகளை ஒட்டிய கடைசிப் பல்சக்கரத்துக்குச் செயின் போவேனா என்றது. வண்டி நின்று, ஆள் புல்லில் சாய்ந்தார்.

தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். முகமெல்லாம் கோபம்.

“ஏறவே இல்லையே டீச்சர்!”

“வீலுக்குள்ள போச்சா?”

“போகலை.”

“அதத்தானே கேட்டீங்க?”



ஹெலன் திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள். சென்னியப்பன் குனிந்து திருகைத் தளர்த்தினார். டீரெயிலர் உள்ளே நகர்ந்தது. கடைசிப் பல்சக்கரத்துக்கு நேராக அது வந்து நின்றபோது, அதற்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நகம் நுழையும் இடம்தான் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?”

“ஏற மாட்டீங்க.”

“கொஞ்சம் உள்ள வந்துட்டா?”

“விழுவீங்க.”

“அட என்ன டீச்சர்! அப்ப இந்தப் பயம் எப்பத்தான் போகும்?”

ஹெலன் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் சக்கரத்தை ஒட்டி நின்ற டீரெயிலரைக் காட்டினாள். அங்கேயும் ஒரு நகம்தான் நுழையும்.

“எனக்கு இன்னும் போகலைங்கண்ணா. ஏறுங்க, போலாம்.”